கறுப்புக் குதிரையும் 100 வெள்ளியும்

அன்புள்ள டீச்சர்,

வணக்கம். என் அக்கா உங்களிடம் ஆறாம் ஆண்டு படித்தவள். நான் ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன், வார இறுதியில்தான் சுங்கை சிப்புட்டுக்கு வருவேன்.

அரசாங்கம் பெரியவர்கள் எல்லாருக்கும் மைகார்டு அடையாள அட்டையில் (ஐசியில்) அத்தியாவசியச் சாமான் வாங்க 100 வெள்ளி சாரா உதவி போட்டிருக்கிறது அல்லவா? அம்மா அதைத் தொடமாட்டேன் என்கிறார். அவர் போகும் சபையில் பாஸ்டர் வெளிப்படுத்தின விசேஷம் 13:17-ஐ (மிருகத்தின் முத்திரையோ அதன் எண்ணோ இல்லாதவன் வாங்கவும் விற்கவும் கூடாது என்ற வசனம்) வாசித்து, “அட்டையைக் காட்டினால்தான் சாமான் என்று வந்துவிட்டது, அடுத்தது வலது கையில் சிப்” என்று பிரசங்கம் செய்திருக்கிறார். தடுப்பூசி சமயத்திலும் இதே கதைதான். ஐபிராத்து (யூப்ரடீஸ்) நதி வற்றுகிறது, 1948-இல் இஸ்ரேல் என்ற அத்திமரம் துளிர்த்துவிட்டது, இயேசு வந்து விசுவாசிகளை மட்டும் திடீரென்று எடுத்துக்கொள்ளும் இரகசிய வருகை இந்தத் தலைமுறைக்குள் என்று அம்மா தினமும் வீடியோ அனுப்புகிறார். நான் சிரித்துவிட்டேன். இரண்டு வாரமாக என்னோடு பேசவில்லை.

மிருகம் யார்? 666 என்ன? இந்த அடையாளங்களை இன்றைய கிறிஸ்தவர்கள் எப்படிப் புரிந்துகொள்வது? நல்ல விளக்கவுரை இருந்தால் சொல்லுங்கள்.

ஜெ., சுங்கை சிப்புட்

*

அன்புள்ள தம்பி,

அம்மாவைப் பார்த்துச் சிரித்தேன் என்று எவ்வளவு சாதாரணமாக எழுதியிருக்கிறாய்! நான் உன் அம்மாவாக இருந்தால் பேச்சை மட்டும் அல்ல, சோற்றையும் நிறுத்தியிருப்பேன். நம் ஊரில் ஐசியைக் கண்டு ஒரு பெண் பயப்படுகிறார் என்றால் அதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. உனக்கு அதை யாரும் சொல்லவில்லை, நீயும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

கடிதங்களைச் சேர்த்து வைத்து மாதக் கடைசியில் பதில் போடுவதுதான் என் வழக்கம். உன்னுடையதற்கு அன்றே எழுத உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நாளாக இதே புத்தகத்தின் ஆறாம் அதிகாரம் என்னைப் பிடித்து ஆட்டுகிறது. நீ கேட்பது 13. பரவாயில்லை, 13-ஐச் சீக்கிரம் முடித்துவிடலாம்.

எபிரெயத்தில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. நீரோன் இராயன் என்று ரோமப் பேரரசன் நீரோவின் பெயரை எபிரெய எழுத்துகளில் எழுதிக் கூட்டினால் 666 வரும். சில பழைய கையெழுத்துப் பிரதிகளில் 616 என்று இருக்கிறது. நீரோன் என்பதன் கடைசி எழுத்தை விட்டுவிட்டு நீரோ என்று எழுதினால் அந்தக் கணக்கும் சரியாக வந்து நிற்கிறது. வேத ஆய்வாளர்களில் பெரும்பாலோர் ஏற்பது இதைத்தான். ஏழு தலைகள் ஏழு மலைகள் என்று 17:9 தானே சொல்லிவிடுகிறது. ஏழு மலைமேல் உட்கார்ந்திருக்கும் ஊர் ரோமாபுரி என்பது அந்தக் காலத்தில் எபேசுத் துறைமுகத்தில் மூட்டை தூக்கினவனுக்கும் தெரியும். இந்தப் புத்தகம் அனுப்பப்பட்ட ஊர்களில் ஒன்றான பெர்கமுவில் கி.மு. 29-லேயே பேரரசன் அகஸ்துவுக்குக் கோயில் கட்ட அனுமதி வாங்கிவிட்டார்கள். எபேசுவில் பேரரசன் டொமிஷியன் காலத்தில் ராஜ குடும்பத்துக்கே ஒரு கோயில். தொழில் சங்கங்களின் விருந்தில் சாமிக்கும் ராயனுக்கும் படையல் உண்டு. ஒதுங்கி நின்றவனுக்குச் சரக்கு கொடுக்கவும் ஆளில்லை, அவனிடம் வாங்கவும் ஆளில்லை. 13:17 அந்தத் தச்சனுக்கும் சாயக்காரனுக்கும் எழுதப்பட்டது.

சிப்பா? அடுத்த அதிகாரத்தின் முதல் வசனத்தைப் பார். 1,44,000 பேரின் நெற்றியில் பிதாவின் நாமம் எழுதியிருந்தது. அதையும் ஒரு சிப் என்று உங்கள் பாஸ்டர் சொல்வாரா? மிருகத்தின் முத்திரை மட்டும் மின்னணுக் கருவி, பிதாவின் முத்திரை மட்டும் ஆவிக்குரியது என்றால் அது வேத வாசிப்பே இல்லை, வசதிக்கு வாசிப்பது. ஒரே பக்கத்தில் இருக்கிறது தம்பி, பக்கத்தைத் திருப்பக்கூட வேண்டாம்.

இரகசிய வருகை என்று நம் சபைகளில் சொல்லும் அந்த அட்டவணையை 1830-களில் ஜான் நெல்சன் டார்பி என்பவர் பரப்பத் தொடங்கினார். 1909-இல் வந்த ஸ்கோஃபீல்டு வேதாகமத்தின் அடிக்குறிப்புகள் அதை உலகமெல்லாம் கொண்டுபோயின. நம் ஆட்கள் அடிக்குறிப்பையே வசனம் என்று நினைத்துவிட்டார்கள். நாள் குறித்தவர்களுக்கும் குறைவில்லை. வில்லியம் மில்லரைக் கேட்டவர்கள் 1844 அக்டோபர் 22 இரவு கண்விழித்துக் காத்திருந்தார்கள். ஹெரால்டு கேம்பிங் 2011 மே 21 என்றார். மறுநாள் பொழுது வழக்கம்போல விடிந்தது. ஐபிராத்து வற்றுகிறதென்றால் துருக்கியிலும் சிரியாவிலும் எத்தனை அணைகள் என்று போய்ப் பார். அத்திமரத்தை விடு.

இனி என் குதிரை. இதை எதிரில் வருகிறவரிடமெல்லாம் சொல்லி அறுக்கிறேன் என்று என் வீட்டில் ஏற்கெனவே புகார் இருக்கிறது. நீயாக வந்து மாட்டினாய்.

ஆறாம் அதிகாரத்தில் நான்கு குதிரைகள். வெள்ளையைப் பற்றியும் சிவப்பைப் பற்றியும் எல்லாரும் பேசுகிறார்கள், மங்கின நிறமுள்ளதைப் பற்றி கோவிட் காலத்தில் வாட்ஸ்அப் முழுக்கப் பேசினார்கள். மூன்றாவது, கறுப்பு. “அதின்மேல் ஏறியிருந்தவன் ஒரு தராசைத் தன் கையிலே பிடித்திருந்தான்.” வாள் இல்லை, வில் இல்லை. தராசு. பிறகு ஒரு சத்தம்: ஒரு பணத்துக்கு ஒருபடி கோதுமை, ஒரு பணத்துக்கு மூன்றுபடி வாற்கோதுமை, எண்ணெயையும் திராட்சரசத்தையும் சேதப்படுத்தாதே.

உலகம் அழிகிற காட்சியின் நடுவில் ஒரு விலைப்பட்டியல்! பிரசங்கிகள் இதைத் தாண்டிக் குதித்துப் போவது எனக்குப் புரிவதே இல்லை.

ஒரு பணம் என்பது ஒரு நாள் கூலி. மத்தேயு 20-இல் திராட்சத்தோட்டக்காரர் ஆட்களோடு பேசிக்கொண்ட கூலி அதுதான். அந்த ஒருபடியும் நம் ஊர்ப் படி அல்ல, ஓர் ஆள் ஒரு நாள் சாப்பிடும் அளவு. பொழுது விடிந்து சாயும்வரை உழைத்தவன் தான் மட்டும் சாப்பிடலாம். பெண்டாட்டி பிள்ளை இருந்தால் மாட்டுக்குப் போடுகிற வாற்கோதுமை. உப்புக்கு, துணிக்கு, நோய்க்கு ஒன்றும் மிஞ்சாது.

இது கனவில் வந்த விலை என்று நினைக்காதே. பவுல் பிரசங்கித்த பிசீதியா நாட்டு அந்தியோகியாவில் ஒரு கல்வெட்டு கிடைத்திருக்கிறது. கி.பி. 92-ஐ ஒட்டிய காலம், பஞ்சம். தானியம் பதுக்கி விலையை ஏற்றுகிறார்கள் என்று ஆளுநர் அந்திஸ்தியுஸ் ருஸ்திகுஸ் ஓர் உச்ச விலை கட்டுகிறார். அந்த விலையில் ஒரு பணத்துக்கு ஏறக்குறைய எட்டுப்படி கோதுமை வரும். அதுவே பஞ்ச விலை, அதற்கு முன்பு விலை அதில் பாதிதான். இந்தப் புத்தகத்தை எழுதிய யோவான் கேட்டது ஒரு பணத்துக்கு ஒருபடி. அதே ஆண்டுகளில் டொமிஷியன், திராட்சை ரசம் மலிந்து தானியம் குறைந்துவிட்டது என்று, மாகாணங்களில் உள்ள திராட்சைத் தோட்டங்களில் குறைந்தது பாதியை வெட்டச் சொன்னான் என்று ரோம வரலாற்றாசிரியர் சுவெட்டோனியுஸ் எழுதுகிறார். உத்தரவு போட்டான், நிறைவேற்றவில்லை. நிலம் வைத்திருந்த பெரிய மனிதர்களுக்குத் திராட்சையிலும் ஒலிவ எண்ணெயிலும்தான் காசு. கோதுமை ஏழை வயிற்றுக்கு, ரசமும் எண்ணெயும் கப்பலுக்கு. எண்ணெயையும் திராட்சரசத்தையும் சேதப்படுத்தாதே.

தோட்டத்தில் பிறந்தவனுக்கு இதற்கு மேல் ஒரு விளக்கவுரை வேண்டுமா?

மலாயா முழுக்க ரப்பர் நட்டார்கள். சாப்பிடுகிற அரிசியின் பெரும்பகுதி ரங்கூனிலிருந்தும் சயாமிலிருந்தும் கப்பலில் வந்தது. 1930-களின் தொடக்கத்தில் ரப்பர் விலை விழுந்தபோது கூலியை வெட்டினார்கள், ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். மரங்களை ஒன்றும் செய்யவில்லை. 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் வந்தான். அரிசிக் கப்பல் நின்றது. வரிசை வரிசையாகப் பால்மரம் நிற்கிறது, அதைத் தின்ன முடியுமா? வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டைக் கட்டுக் கட்டாகக் கொடுத்தாலும் கடையில் அரிசி இல்லை. லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு)ப் பின்னால் மரவள்ளி நட்டுத் தின்றுதான் பாட்டி பிழைத்தாள். தாத்தாவை ஜப்பான்காரன் சயாம்–பர்மா ரயில் பாதை போடக் கொண்டுபோனான், அவர் திரும்பி வரவில்லை. அதை இங்கே எழுதப்போவதில்லை.

பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எனக்கு ஏழெட்டு வயது இருக்கும். தோட்டத்து ஜெபக்கூடத்தில் கேஸ் விளக்கு வெளிச்சத்தில் உபதேசியார் இதே அதிகாரத்தை வாசித்தார். “ஒரு தராசைத் தன் கையிலே பிடித்திருந்தான்” என்றதுமே பெண்கள் பக்கத்திலிருந்து பாட்டி, “அட, நம்ம கிராணி!” என்றாள். கிராணி என்றால் தோட்டத்துக் கணக்கர், எங்கள் பாலை நிறுப்பவர். கூடமே சிரித்தது. உபதேசியார் சிரிக்கவில்லை, கிராணியின் மச்சான் இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

பாட்டி வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. ரப்பர் பாலை நிறுக்கும் ஸ்டோரில் நீ நின்றிருந்தால் தெரியும். காண்டாவில் (தோளில் சுமக்கும் கம்பில்) இரண்டு வாளியைத் தூக்கிக்கொண்டு, மரத்து மங்குகளிலிருந்து (கிண்ணங்களிலிருந்து) ஒவ்வொன்றாக வழித்த பாலோடு பெண்கள் வரிசையில் நிற்பார்கள். வாளியைக் கொக்கியில் மாட்டி முள் ஆடி நிற்பதற்குள் கிராணி எண்ணை எழுதிவிடுவார். அடுத்தது மெட்ரோலக். அந்தக் கருவியைப் பாலில் மிதக்கவிட்டு, எவ்வளவு ரப்பர், எவ்வளவு தண்ணீர் என்று பார்ப்பது. மேலே நிற்கும் நுரையை ஒதுக்கிவிட்டுப் பார்க்க வேண்டும். அவர் ஒதுக்கமாட்டார். காலையில் ஒரு தூறல் போட்டிருந்தால் போச்சு, தண்ணீர் கலந்த பால் என்று இன்னும் கொஞ்சம் கழித்துவிடுவார். பாட்டிக்கு எண் படிக்கத் தெரியாது என்று அவருக்குத் தெரியும். முள் எங்கே நின்றது என்று பாட்டிக்குத் தெரியும். அந்த எண்தான் மாதக் கடைசியில் அரிசி.

அதனால்தான் சொல்கிறேன், இந்தப் புத்தகத்தை எங்கள் பாட்டிக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பத்மு தீவில் இருந்தவர் ஏழு ஊர்களுக்கு எழுதி அனுப்பிய கடிதம் அது. சிமிர்னாவின் ஏழைகளுக்கும் வந்தது, “நான் ஐசுவரியவான், எனக்கு ஒரு குறைவுமில்லை” என்று உட்கார்ந்திருந்த லவோதிக்கேயாவுக்கும் வந்தது. கூலிக்காரன் அதைக் கேட்டதும் தராசை அடையாளம் கண்டுகொண்டிருப்பான். நாம் இன்று லவோதிக்கேயாவில் உட்கார்ந்துகொண்டு சிப்பைத் தேடுகிறோம்.

இப்போது உன் அம்மாவின் ஐசி.

உன் வீடியோக்காரருக்கு 1948 என்றால் இஸ்ரேல். சுங்கை சிப்புட்டில் பிறந்தவனுக்கு 1948 என்றால் ஜூன் 16. எல்பில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் மூன்று துரைமார்கள் சுடப்பட்டார்கள், இரண்டே நாளில் நாடு முழுக்க அவசரகாலம். அதே வருடம்தான் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட எல்லாரையும் நிற்க வைத்துப் படம் எடுத்து, பெருவிரல் ரேகை வாங்கி, முதன்முதலாக அடையாள அட்டை கொடுத்தார்கள். காட்டிலிருந்து வந்த கம்யூனிஸ்டுகள் அதைப் பிடுங்கிக் கிழித்தார்கள். அட்டை இல்லை என்றால் போலீஸ். ரேஷன் அரிசிக்கும் அதையே காட்ட வேண்டும். பிறகு முள்வேலி வந்தது. காட்டுக்குச் சோறு போகிறது என்று, காலையில் ரப்பர் மரம் சீவப் போகிறவர்களை கேட்டில் நிறுத்தித் தூக்குவாளியைத் திறந்து பார்த்தார்கள். வாங்கவும் விற்கவும் கூடாதபடிக்கு என்று உங்கள் பாஸ்டர் வருங்காலத்தில் தேடுவதை நம் ஊர் ஒருமுறை பார்த்து முடித்துவிட்டது.

1969-இல் குடியுரிமை இல்லாதவனுக்கு வேலை பெர்மிட் கட்டாயம் என்றபோது சிவப்பு ஐசிக்காரர்கள் என்ன பாடு பட்டார்கள் என்று உன் அம்மா சின்ன வயதில் கேட்டிருப்பார். இங்கேயே பிறந்து, குடியுரிமைப் பத்திரம் எடுக்காமல் விட்டவர்களும் அதில் உண்டு. ஆயிரக்கணக்கானவர்கள் ஊரை விட்டார்கள். எங்கள் லயத்தில் எதிர்வீட்டுக் குடும்பம் ரஜூலா கப்பலில் போனது. அந்த வீட்டுப் பெண் என் வகுப்பு. இன்றைக்கும் பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பதிவிலாகாவில் நாள் கணக்கில் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களை நான் பள்ளிக்கூட வேலையில் நிறையப் பார்த்திருக்கிறேன். அட்டை கையில் இல்லாததால்தான் நம் ஆட்கள் அழிந்தார்கள். அந்தப் பயம் ரத்தத்தில் இருக்கிறது. எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் உன் அம்மா அதை பாஸ்டரின் கையில் கொடுத்திருக்கிறார். அவர் அதற்கு ஒரு வசன எண்ணை ஒட்டித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அவரிடம் எனக்கு ஒரு கேள்வி உண்டு, நீயே போய்க் கேள். இன்றைக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. மாதம் 26 நாள் வேலை என்று வைத்தால் ஒரு நாளைக்கு 65. பத்துக் கிலோ உள்நாட்டு அரிசி 26 வெள்ளி. அந்தக் கணக்கில் கறுப்புக் குதிரை இப்போது நம் வாசலில் நிற்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சபைக்குப் போகும் வழியில் செம்பனைத் தோட்டம் இருக்கிறதே, நம் ஆட்கள் விட்டுப்போன வேலையில் இப்போது இருப்பது யார்? வங்காளதேசத்துக்காரர், இந்தோனேசியர். ஊரில் ஏஜெண்டுக்கு எவ்வளவு கடன் பட்டு வந்தார்கள்? பாஸ்போர்ட் யார் அலமாரியில் இருக்கிறது? கட்டாய வேலை என்ற காரணத்தைக் காட்டி 2020-இல் அமெரிக்கா நம் நாட்டின் இரண்டு பெரிய நிறுவனங்களின் செம்பனை எண்ணெயைத் தடுத்து நிறுத்தியது. எண்ணெய்! 18-ஆம் அதிகாரத்தில் பாபிலோன் விழுந்ததும் வியாபாரிகள் அழுகிறார்கள், சரக்கு வாங்க ஆளில்லை என்று. பொன்னில் தொடங்கும் அந்தச் சரக்குப் பட்டியலை வாசித்துக்கொண்டே போ. பட்டு, தந்தம், இலவங்கப்பட்டை, ரசம், எண்ணெய், ஆடு, மாடு, குதிரை. கடைசிச் சரக்கு மனுஷருடைய ஆத்துமாக்கள், அதாவது அடிமைகளாக விற்கப்பட்ட மனிதர்கள். யோவான் அதைக் கடைசியில் வைத்தார். பாஸ்டர் பிரசங்கத்தில் அதைக் கேட்டிருக்கிறாயா? நான் இந்த ஊர்ச் சபைகளில் கேட்டதில்லை. மைகார்டைப் பற்றிப் போதும் போதும் என்கிற அளவுக்குக் கேட்டாகிவிட்டது.

அந்த 100 வெள்ளியைச் செலவழிக்க அவசரமில்லை. வேண்டாம் என்றால் அவரை வற்புறுத்தாதே. உன் அட்டையிலும் 100 இருக்கிறது, அதற்கு அரிசியும் முட்டையும் வாங்கி அடுப்படியில் வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இரு. முதலில் மன்னிப்புக் கேள்.

விளக்கவுரை கேட்டாய். இப்போது வேண்டாம், விளக்கம் பார்த்துப் பார்த்துத்தான் உங்கள் வீட்டில் இந்தப் பாடு. வாசிக்கிறவனும் கேட்கிறவர்களும் பாக்கியவான்கள் என்று முதல் அதிகாரம் மூன்றாம் வசனத்திலேயே இருக்கிறது. ஒருவர் வாசிக்கச் சபையே உட்கார்ந்து கேட்ட கடிதம் இது. சனிக்கிழமை ராத்திரி ஓவர்டைம் இல்லையென்றால் அம்மாவின் பழைய வேதாகமத்தை எடுத்து அவருக்குச் சத்தமாக வாசித்துக் காட்டு. முழுதும் வாசிக்க ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஆகும். நடுவில் விளக்கம் சொல்லாதே, போனை வேறு அறையில் வை. களைப்பாக இருந்தால் பாதியில் நிறுத்தலாம், ஆனால் 13-இல் நிறுத்தாதே. 18 வரைக்குமாவது போ.

அன்புடன்,
டீச்சர்